கம்பியில்லாக் கருவிகள்: வாங்குமுன் அறிய வேண்டுவன

நம் தமிழ் மாணவர் மன்றத்தின் செயற்குழு இவ்வாண்டு ஒரு கார்ட்லெஸ் டிரில் வாங்குவதென முடிவு செய்துள்ளது. பொங்கல் விழா மேடை, நாடகத் தட்டிகள், படிப்பகத்தின் புத்தக அடுக்குகள் ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஆண்டுதோறும் வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும், சொந்தமாக ஒன்று இருப்பது நலம் என்பது குழுவினர் எண்ணம். இயந்திரப் பொறியியல் பயில்பவன் என்ற முறையில், எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். செலவாகப் போவதோ உறுப்பினர் ஒவ்வொருவரும் தந்த சந்தாப் பணம். ஆதலின், குழுவினரிடம் மட்டும் கூறிவிடாமல், எல்லாரும் படித்து ஆராயும்படி எழுதிவிடுவதே முறை எனக் கருதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியில்லாக் கருவி வாங்குவோர் உண்மையில் வாங்குவது கருவியை அன்று; பாட்டரியை. கருவி பல்லாண்டு உழைக்கும். பாட்டரி சில ஆண்டுகளில் தளரும். புதிய பாட்டரி எளிதில் கிடைத்தால் கருவி வாழும்; கிடைக்காவிட்டால் நல்ல கருவியும் பழைய இரும்பாகிவிடும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பிற யாவும் எளிதில் விளங்கும்.

சிறிது வரலாறு

கையில் பிடித்துத் துளையிடும் மின் கருவியை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனத்தார் செய்தனர். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட டிரில்லுக்கு 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961-இல் கம்பியில்லா டிரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971-இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின் தரையையே பாட்டரி டிரில் கொண்டு துளைத்தனர். கம்பியில்லாக் கருவி நிலவுப் பயணத்திற்காகவே பிறந்தது என்று சொல்வோர் உண்டு. அது பிழை. அதற்குப் பத்தாண்டு முன்னரே அது கடைக்கு வந்துவிட்டது.

அக்காலத்துக் கருவிகளில் இருந்தவை நிக்கல் காட்மியம் மின்கலங்கள். ஒரு கலம் தருவது 1.2 வோல்ட்டு, 18 வோல்ட்டு வேண்டின் பதினைந்து கலங்களைச் சுமக்க வேண்டும். 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் ஆக்கத்திற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலம் ஒன்றுக்கு 3.6 வோல்ட்டு தருவதால் ஐந்தே கலங்களில் 18 வோல்ட்டு கிடைக்கிறது. இக்கருவிகள் இன்று இவ்வளவு பரவியதற்கு மோட்டாரைவிடப் பாட்டரியின் வளர்ச்சியே பெருங்காரணம் எனலாம்.

எண்களைக் கண்டு மயங்க வேண்டா

இத்தலைநகரின் சாவ்ரி பஜாரில் ஒருமுறை நடந்தால் 12, 18, 20, 21, 48 எனப் பல வோல்ட்டு எண்கள் கண்ணில் படும். எண் பெரிதானால் வலிமையும் பெரிதென்று எண்ணத் தோன்றும். சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து லித்தியம் கலங்களின் சராசரி அழுத்தம் 18 வோல்ட்டு. அவையே முழுதும் மின்னேறிய நிலையில் கலத்திற்கு 4.2 வீதம் 21 வோல்ட்டு காட்டும். சிறிது பயன்படுத்தியவுடன் 20-க்கு இறங்கும். ஒருவர் 18 என்று அச்சிடுகிறார். ஒருவர் 20 என்கிறார். மற்றொருவர் 21 என்கிறார். மூன்றும் ஒன்றே! 48, 88 என்று பொறித்து மலிவாக விற்கும் பாட்டரிகள் பலவற்றைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பன அதே ஐந்து கலங்கள்தாம். அவ்வெண் வோல்ட்டைக் குறிப்பதன்று. வாங்குவோரை ஈர்க்க இட்ட பெயர்.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? வாட்-மணியைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வருவது அது. 18 வோல்ட்டு, 2 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியிருப்பது 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணியாயின் 72. 5 ஆயின் 90. பாட்டரியில் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை இதுவே காட்டும்.

விடுமுறைக்கு விமானத்தில் ஊர் செல்வோர்க்கும் இக்கணக்கு பயன்படும். தனியே கொண்டுசெல்லும் லித்தியம் பாட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். 160-க்கு மேற்பட்டால் பயணியோடு கொண்டுசெல்லவே இயலாது.

எவருடைய பாட்டரி?

ஒரு நிறுவனத்தின் பாட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. அதுமட்டுமன்று. ஒரே நிறுவனத்தின் 18 வோல்ட்டுப் பாட்டரிகளுக்குள்ளும் பிரிவு உண்டு. பாஷ் நிறுவனத்தின் பச்சை நிறக் கருவிகளுக்கும் நீல நிறக் கருவிகளுக்கும் பாட்டரி வேறு வேறு. மக்கிட்டாவிலும் அவ்வாறே இருவகை உண்டு. பல நிறுவனங்கள் ஒரே பாட்டரியை ஏற்கும்படி ஜெர்மனியின் மெட்டாபோ நிறுவனம் 2018-இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கியது. எனினும் எல்லாரும் ஒரே வகைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி டிரில்லின் விலை என்ன என்பதன்று. “இப்பாட்டரி தனியாகக் கிடைக்குமா? அதன் விலை என்ன? இதே பாட்டரியில் வேறு என்னென்ன கருவிகள் ஓடும்?” என்பனவே. தனிப் பாட்டரி கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாயினும் வேண்டா என்பது என் துணிபு.

எந்தக் கருவி?

சாதாரண டிரில் மரத்தையும் தகட்டையும் துளைக்கும், திருகும் முடுக்கும். அதன் முகப்பில் எண்ணிட்ட வளையம் ஒன்று உண்டு. அது கிளட்ச். குறித்த அளவு முறுக்கு வந்தவுடன் நழுவிவிடும். திருகின் தலையைக் கெடுக்காது. இம்பாக்ட் டிரைவர் என்பது நீண்ட திருகுகளை அடித்து அடித்து முடுக்குவது. வலிமை மிகுதி, ஓசையும் மிகுதி. ஹாமர் வசதியுள்ள டிரில் செங்கற் சுவருக்குப் போதும். கான்கிரீட்டு விட்டத்தையும் தூணையும் அதனால் துளைக்க முயல்வது வீண். அதற்கு ரோட்டரி ஹாமர் என்ற தனிக் கருவி வேண்டும். ஆண்டுக்கொருமுறை வேலைக்கு அதை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

மற்றொன்றும் கூற வேண்டும். பிளக் அருகிலேயே உள்ள அறையில் மட்டும் வேலை என்றால் கம்பியுள்ள டிரில்லே போதும். விலை குறைவு, பாட்டரிக் கவலையும் இல்லை. நம் மேடையோ திறந்த மைதானத்தில் எழுவது. அங்கே நீண்ட வயர் இழுத்துப் பனி ஈரத்தில் போடுவது ஆபத்து. நமக்குக் கம்பியில்லாக் கருவி வேண்டும் என்பதற்கு இதுவே தக்க காரணம்.

துணைப்பொருள்கள்

நல்ல டிரில்லில் மட்டமான பிட்டைப் பூட்டினால் பயனில்லை. சுவருக்கு முனையில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த பிட். மரத்திற்கு நடுவில் கூர்முனை உள்ள பிட். இரும்புக்கு ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் வாங்கக் கூடாது. இரும்பை மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். மரத்தின் ஓரத்தில் திருகு இறக்குமுன் சிறு துளை இட்டுக்கொண்டால் மரம் பிளவாது. திருகு முடுக்கும் பிட் தேய்ந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். அதன் விலையைவிட அது கெடுக்கும் திருகுகளின் விலை மிகும்.

கண்ணாடி அணியாமல் துளையிட வேண்டா. சுழலும் பிட்டின் அருகே கையுறையும், தொங்கும் துண்டும், அவிழ்ந்த கூந்தலும் கூடா. கம்பியில்லாக் கருவியில் மின் அதிர்ச்சி வராது என்று நம்புவோர் உளர். சுவருக்குள் ஓடும் மின்கம்பியை பிட் தொட்டால் எந்தக் கருவியாயினும் ஆபத்தே. சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒருபோதும் துளையிடாதீர்கள். விடுதிச் சுவராயின் காப்பாளரின் இசைவையும் முதலில் பெறுங்கள்.

பேணும் முறை

பாட்டரியை முழுதும் தீர்த்த பின்பே மின்னேற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை நிக்கல் காட்மியம் காலத்தது. லித்தியத்திற்கு அது பொருந்தாது. அடியோடு தீர்வதே அதற்குக் கேடு. அதனினும் பெரிய பகை வெப்பம். இந்நகரில் கோடையில் 45 பாகை வரை வெயில் ஏறுவதை நாம் அறிவோம். அந்நேரத்தில் மாடியறையில் மின்னேற்ற வேண்டா. 40 பாகைக்குக் கீழே இருக்கும் நேரமும் இடமும் பாருங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பாட்டரியையும் ஆறவிட்டே சார்ஜரில் வைக்க வேண்டும். கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து மின்னேற்றி உறங்கச் செல்லுதல் கூடவே கூடாது. அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறொன்றும் ஆகாது. உப்பியது, கீழே விழுந்து உடைந்தது, நனைந்தது ஆகியவற்றை விலக்கிவிடுக. நீண்ட விடுமுறைக்கு முன் ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில், கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தளர்ந்த பாட்டரியைக் குப்பையில் எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன.

குழுவிற்கு என் பரிந்துரை

ஹாமர் வசதியுள்ள 18 வோல்ட்டு டிரில் ஒன்று; 2 ஆம்பியர்-மணிப் பாட்டரிகள் இரண்டு. ஒரே பெரிய பாட்டரியை வாங்கினால் அது தீர்ந்தவுடன் மேடை வேலை நிற்கும். இரண்டு இருந்தால் ஒன்று உழைக்க, மற்றொன்று மின்னேறும். மிச்சப் பணத்தில் நல்ல பிட்டுகளும் இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகளும் வாங்கலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நாம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவோம். கருவி இங்கேயே இருக்கும். பாட்டரியின் மீது வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்பதற்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். அடுத்த ஆண்டுச் செயலாளரிடம் கணக்கேட்டைக் கொடுக்கும் நாளில், கருவிப் பெட்டியைத் திறந்து காட்டி, அதனுடன் இக்குறிப்பேட்டையும் ஒப்படையுங்கள். இன்னும் சேராத மாணவர்களுக்கும் இக்கருவி உரியதன்றோ!