தெரிந்தே சொதப்பாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குறும்படத் திரைக்கதையைப் படித்து முடித்தேன். 1980களில் வந்த மலிவான வாள்-மந்திரப் படங்களின் பாணியிலேயே ஒன்றை எடுக்கப்போகிறீர்கள். அட்டைக் கோட்டை ஆட வேண்டும், ராட்சசனின் ரப்பர் முகமூடிக்குக் கீழே நடிகரின் கழுத்து தெரிய வேண்டும், நாயகன் வீசும் கத்தி வளைய வேண்டும், பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்கள்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் அவற்றில் நாம் எதை ரசிக்கிறோம் என்ற கணக்கில்தான் தப்பு நடந்திருக்கிறது. அவற்றின் ஓட்டைகளை நகலெடுக்கப் பார்க்கிறீர்கள். அந்த ஓட்டைகள் ருசிப்பதற்குக் காரணமே, யாரும் அவற்றைத் திட்டம்போட்டு வைக்கவில்லை என்பதுதான்.

1980இல் இங்கிலாந்தில் டெர்ரி மார்செல் இயக்கிய 'ஹாக் த ஸ்லேயர்' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் குரோ என்று ஒரு எல்ஃப் இனத்து வில்லாளி வருகிறான். கண்ணிமைக்கும் நேரத்தில் அம்புமழை பொழிகிறவன் என்று பெயர். அந்த வேகம் எந்த நடிகருக்கும் வராது. பெரிய தந்திரக் காட்சிக்கு அந்தப் படத்தின் பணம் தாங்காது. ஆகவே அவன் நாணை இழுத்து விடுகிற துண்டையே திரும்பத் திரும்ப ஒட்டி, டப் டப் டப் என்று ஓடவிட்டார்கள். தோளும் முழங்கையும் முகமும் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் நிற்கும். முதல் இரண்டு அம்புக்குச் சிரிப்பு வரும். நாலாவது அம்பு பறக்கும்போது அது ஒரு தாளமாகிவிடும். அவன் மனிதனில்லை, வேறு ஏதோ பிறவி என்று மனம் பாதி ஒப்புக்கொண்டுவிடும். இன்னொரு பக்கம், பாதி முகத்தை மறைக்கும் தலைக்கவசத்தோடு வில்லன் வோல்டானாக வருகிறார் ஜாக் பாலன்ஸ். நாயகன் ஜான் டெர்ரிக்கு அவர் அண்ணன் என்பது கதை. இரண்டு பேருக்கும் முப்பது வயது வித்தியாசம். அப்பாவாக வரும் ஃபெர்டி மெய்ன், பாலன்ஸைவிட மூன்றே வயது மூத்தவர். (நம் படங்களில் பார்த்துப் பழகிய வயதுக் கணக்குக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.) டெர்ரி கம்பம்போல நிற்க, பாலன்ஸ் ஒவ்வொரு வரியையும் கடித்துத் துப்புகிறார். அவர் திரையில் இருக்கும்வரை அந்த அட்டை உலகம் சரியாமல் நிற்கிறது. இதெல்லாம் மட்டமான வேலை என்ற நினைப்பு அந்த முகத்தில் துளியும் இல்லை.

எட்டிப் பிடிக்க நினைத்த உயரத்துக்கும் கை எட்டிய இடத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே அதன்மேல் ஆசையும் வைக்கிறோம். உயரத்தைக் குறிவைக்காதவனிடம் இந்தத் தூரத்துக்கு எங்கே போவது? அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல், மிகையையும் செயற்கையையும் ரசிக்கிற 'கேம்ப்' ரசனை பற்றி எழுதிய கட்டுரையில், தன்னை அறியாமல் அப்படி அமைந்ததையும் தெரிந்தே அப்படிச் செய்ததையும் பிரித்து, முன்னதைத்தான் உயர்த்திச் சொன்னார். வாள்-மந்திரப் படங்கள் பெருகுவதற்குப் பல வருடம் முன்னால் எழுதியது என்றாலும், அவற்றுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

'டெத்ஸ்டாக்கர் 2' தெரிந்தே கேலியாக எடுத்த படம்தானே, அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வரிசை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் பதிலும் கிடைக்கும். 1982இல் 'கோனான் த பார்பேரியன்' ஓடியதும் எல்லாருக்கும் தோலாடை வீரன் தேவைப்பட்டான். வீடியோ கடைகள் பெருகிய காலம் அது. கேசட்டின் அட்டைப் படத்தைப் பார்த்தே வாடகைக்கு எடுத்துப் போனார்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன், அர்ஜென்டினாவின் இயக்குநர் ஹெக்டர் ஒலிவேராவோடு கூட்டுச் சேர்ந்து, டாலருக்கு மதிப்பு அதிகமாக இருந்த அந்த நாட்டில் இத்தகைய படங்களை வரிசையாக எடுத்தார். 1983இல் வந்த முதல் 'டெத்ஸ்டாக்கர்' படத்துக்கு போரிஸ் வலேஹோ தீட்டிய சுவரொட்டியில் இருக்கிற பிரம்மாண்டத்தில் கால்வாசிகூடப் படத்தில் கிடையாது. ஜிம் வைனோர்ஸ்கி இயக்கி 1987இல் வந்த இரண்டாம் பாகம் ரசிக்கப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் அதன் மட்டமான கத்திகள் இல்லை. நடிகர்கள் நகைச்சுவையை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அறிந்து பேசுகிறார்கள். அந்த வேலையில் சொதப்பல் இல்லை. முதல் பாகத்திலிருந்து எடுத்து ஒட்டிய பழைய காட்சிகள் வரும் இடங்களில் அந்தப் படமும் தொய்ந்துபோகிறது.

எடுத்து ஒட்டுவது என்றதும் 1985இல் வந்த 'விசர்ட்ஸ் ஆஃப் த லாஸ்ட் கிங்டம்' நினைவுக்கு வருகிறது. வேறு படங்களின் காட்சிகளை வெட்டி நிரப்பியிருப்பார்கள். வெள்ளை உரோமப் போர்வைக்குள் ஒருவர் நுழைந்துகொண்டு நாயகனின் தோழனாக நடந்து வருவார். இயக்கியவர் யார் தெரியுமா? அதே ஒலிவேரா. தொழிலாளர் கிளர்ச்சி ஒன்றை ராணுவம் நசுக்கிய வரலாற்றை 1974இல் 'லா பட்டகோனியா ரெபெல்தே' என்று எடுத்து, பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி வாங்கியவர். இங்கே பற்றாக்குறை திறமையில் இல்லை. இந்தப் போர்வைப் பிராணி உயிருள்ளது என்று கேமராவுக்குப் பின்னால் யாரும் ஒரு நொடிகூட நம்பவில்லை. அது திரையில் தெரிந்துவிடுகிறது. இதைப் பார்த்து வருவது கொட்டாவிதான், சிரிப்பு இல்லை. உங்கள் திரைக்கதை போகிற திசையும் இதுதான் என்பதே என் கவலை.

பணம் இல்லாதவன் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். பணத்துக்குப் பதிலாக வேறு ஒன்றைச் செலவழிக்க வேண்டும். தந்திரக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுசன் நேரத்தைச் செலவழித்தார். 1963இல் வந்த 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு கத்திச் சண்டை போடுகின்றன. நடிகர்கள் வெறும் காற்றை வெட்டி நடித்தார்கள். பிறகு ஹாரிஹவுசன் அந்தப் பொம்மைகளின் கையையும் காலையும் இம்மியளவு நகர்த்தி, ஒரு ஃப்ரேம் எடுத்து, மறுபடி நகர்த்தி, சில நிமிடச் சண்டைக்கு நான்கரை மாதம் உழைத்தார். இன்று பார்த்தால் அசைவில் ஒரு வெட்டு வெட்டான நடுக்கம் தெரியும். அந்த நடுக்கத்தையும் மென்பொருளில் இப்போது எளிதாகக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் குத்துப்பட்ட எலும்புக்கூடு எப்படித் தள்ளாடும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தது அந்த மென்பொருளோடு சேர்ந்து வராது.

நம் பக்கத்தில் இயக்குநர் விட்டலாச்சார்யா யோசனையைச் செலவழித்தார். 1978இல் தெலுங்கில் வந்து, தமிழ் பேசி இங்கேயும் ஓடிய 'ஜெகன்மோகினி'யில், விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கிறது பேய். தொழில்நுட்பம் என்று பார்த்தால் சாதாரண வேலைதான். ஆனால் உலை கொதிக்கிற ஒரு சமையற்கட்டில், தினசரி வேலைபோல அது நடக்கிறது. பேயும் விறகுக் கவலையும் ஒரே அடுப்பில் சேர்ந்த அந்தக் கற்பனைக்கு யாருடைய பட்ஜெட்டும் தேவைப்படவில்லை. மற்றக் காட்சிகளை மறந்தவர்களும் இதை மறக்கவில்லை.

பழைய படம் என்பதற்காக எல்லாவற்றையும் வெள்ளந்தியென்று கொண்டாடிவிடவும் முடியாது. 1985இல் வந்த 'பார்பேரியன் குவீன்' பெண் வீரர்களின் கதை என்று சொல்லிக்கொள்கிறது. பெண்களை வதைப்பதையும் வல்லுறவையும் கேசட் விற்கிற சரக்காகவே அது வைத்திருக்கிறது. அந்தக் காலம் அப்படி என்பார்கள். அந்தக் காலத்திலும் அது வியாபாரக் கணக்குதான். செலவைப் போலப் பல மடங்கு வசூலித்த 'த சோர்ட் அண்ட் த சார்சரர்' படத்தின் படப்பிடிப்பில், உயரத்திலிருந்து விழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரையே விட்டார். உங்கள் திரைக்கதையில் அடிமைச் சந்தைக் காட்சியும், பாறை மேலிருந்து குதிக்கும் காட்சியும் 'பாணிக்காக' இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மற்றபடி ரப்பர் முகமூடி இருக்கட்டும், அட்டைக் கோட்டையும் இருக்கட்டும். முகமூடிக்குள் இருப்பவருக்கு, அந்த ராட்சசன் கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று சொல்லிக்கொடுங்கள். கழுத்து தெரிகிறதா, துணி சுற்றி மறைக்க உங்களால் ஆனதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தெரிந்தால் தெரியட்டும். கத்தி வளையும் இடத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் 'சிரிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னால் நாயகனிடம் நிஜமான இரும்புக் கம்பி ஒன்றைக் கொடுத்துத் தினமும் வீசிப் பழகச் சொல்லுங்கள். பிறகு அட்டைக் கத்தியைக் கையில் கொடுங்கள். இரும்பின் கனம் அவர் தோளில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்