சேற்றுப்புண்ணுக்கு மருதாணி போதுமா?

கேள்வி: நடவு வேலைக்குப் போகிறேன். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். மருதாணி அரைத்துப் பூசினால் அரிப்பு அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறதே?

பதில்: மருதாணிக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் ஓரளவு உண்டு, அம்மா. ஆனால் வேர்வரை தீர்க்க அது போதாது. ஈர விழுது இடுக்கிலேயே தங்கினால் தோல் இன்னும் ஊறிப்போகும். பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். க்ளோட்ரிமசோல் களிம்பை தினம் இருவேளை 4 வாரம் பூசுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்காதீர்கள்: அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சையோ பரவும். வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.