இருதய சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் எடுப்பது எதற்காக?



இருதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும், பைபாஸ் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களும் நம் தோட்டங்களில் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும் சொந்தக்காரர்கள், “சிகிச்சைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் ரத்தம் எடுக்கிறாங்க?” என்று கேட்கிறார்கள். உடம்பு பலவீனமாகிவிடும் என்று பயந்து சிலர் மறுத்தும் விடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஒரு தடவை எடுப்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்.

பால்மரப் பட்டையில் கத்தி பட்டால் பால் கசிகிறது அல்லவா? அதுபோல இருதயத் தசை காயப்பட்டால், அதற்குள் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. காயம் பெரிதானால் கசிவும் அதிகம்.

சிகிச்சைக்கு முன் எடுத்த அளவோடு பின்னால் எடுத்ததை டாக்டர் ஒப்பிடுவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முன்பே அளவு கூடியிருக்கலாம். ஆகவே முதல் கணக்கு முக்கியம்.

சிகிச்சைக்குப் பின் அளவு ஓரளவு ஏறுவது சகஜம், பதற வேண்டாம். முன்பு சரியாக இருந்தவருக்கு, 48 மணி நேரத்துக்குள், ஸ்டென்ட் வைத்த பின் எல்லை அளவைவிட 5 மடங்குக்கு மேலும், பைபாஸுக்குப் பின் 10 மடங்குக்கு மேலும் ஏறினால் மாரடைப்போ என்று சந்தேகிப்பார்கள். 2018-இல் வெளியான சர்வதேச வரையறை இது. எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை, இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் சேர்த்தே பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் தேவை. ஏறிய ட்ரோபோனின் இறங்க ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் நெஞ்சுவலி வந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே காணும் அளவு பழைய காயத்தினாலா, புதிய காயத்தினாலா? பழைய கணக்கு கையில் இருந்தால் டாக்டருக்குச் சீக்கிரம் விளங்கும். இல்லாவிட்டால், சில மணி நேரம் விட்டு மீண்டும் ரத்தம் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

ஆகவே, வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அடையாளக் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை கண்டால், “காலையில் பெரட்டு முடியட்டும், பார்க்கலாம்” என்று இருந்துவிடாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.