பழைய மோட்டார் லாரிகளில் திசைகாட்டும் விளக்குகள்: பழுது காணும் முறை

பழைய மோட்டார் லாரி ஒன்றைச் செப்பனிட்டுப் புது வண்ணம் பூசிச் சாலைக்குக் கொண்டுவருவோர் பலர், எஞ்சினுக்குச் செலுத்தும் கவனத்தை மின்கம்பிகளுக்குச் செலுத்துவதில்லை. லாரி இடப்புறம் திரும்பப்போகிறது என்பதை அதன் பின்னே சைக்கிளில் வருபவர் அறிவது ஒரு சிறு விளக்கின் சிமிட்டலால்தான். அது சிமிட்டாவிடின் விபத்து நேரக்கூடும். ஆதலின், இதிலுள்ள பழுதை ஊகத்தால் அன்றி, முறையான சோதனையால் கண்டறிதல் வேண்டும்.

மின்சுற்றின் அமைப்பு

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பியூஸ், பிளாஷர், ஸ்விட்சு ஆகியவற்றின் வழியே அந்தந்தப் பக்கத்தின் முன் விளக்கையும் பின் விளக்கையும் அடைகிறது. திரும்பிச் செல்ல அதற்குத் தனிக் கம்பி இல்லை. லாரியின் இரும்புச் சட்டமே திரும்பும் வழியாகும். இதனையே ‘எர்த்’ என்பர்.

பழைய வகைப் பிளாஷரினுள் இருவேறு உலோகங்கள் ஒட்டிய தகடு ஒன்று உள்ளது. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் இதனைச் சூடாக்க, தகடு வளைந்து தொடர்பு அறுகிறது; குளிர்ந்ததும் மீண்டும் தொடர்பு ஏற்படுகிறது. நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்டுவது முறையான அளவாகும்.

12 வோல்ட் லாரியில் 21 வாட் பல்புகள் இரண்டு எரியும்போது 3.5 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு பல்பு எரியாதுபோயின் மின்னோட்டம் பாதியாகும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், நான்கில் ஒரு பங்காகக் குறையும். அப்போது தகடு போதிய அளவு சூடேறாது. எஞ்சிய விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும். பிளாஷர் பழுதென்று பலர் மயங்குவது இவ்விடத்தில்தான்.

முதலில் அறியவேண்டுவன

லாரியின் மின்னழுத்தத்தை முதற்கண் அறிதல் வேண்டும். செவர்லே லாரிகள் 1955ஆம் ஆண்டிலும், ஃபோர்டு லாரிகள் 1956ஆம் ஆண்டிலும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டிற்கு மாறின. அதற்கு முந்திய ஃபோர்டு லாரிகளில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. எதிர்முனை எர்த்திற்கென அமைந்த எலெக்ட்ரானிக் பிளாஷரை அத்தகைய லாரியில் அப்படியே பொருத்துதல் ஆகாது.

6 வோல்ட் லாரியில் தளர்ந்த இணைப்பு மிகுந்த தீங்கு செய்யும். ஓர் இணைப்பில் 0.2 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்க. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கொள்வதால், அங்கு ஏறத்தாழ 0.35 வோல்ட் இழப்பாகும். இது நூற்றுக்கு 3 பங்கு. 6 வோல்ட்டில் அதே வாட் பல்பு 3.5 ஆம்பியர் கொள்ளும். இழப்பு ஏறத்தாழ 0.7 வோல்ட், அதாவது நூற்றுக்கு 12 பங்கு.

ஓர் எடுத்துக்காட்டு

செப்பனிட்ட 12 வோல்ட் லாரி ஒன்றில் வலப்புற விளக்குகள் நன்கு சிமிட்டுகின்றன. இடப்புறத்திற்கு ஸ்விட்சைத் திருப்பினால், பின் விளக்கு நிலையாக எரிகிறது. முன் விளக்கில் நிறுத்த விளக்கிற்குரிய சிறிய இழை மட்டும் மங்கலாக ஒளிர்கிறது. புதிய பிளாஷரும் புதிய பல்பும் மாட்டியும் பயனில்லை எனக் கொள்க.

வலப்புறம் சரியாக இயங்குவதால் பாட்டரி, பியூஸ், பிளாஷர் ஆகியவை குற்றமற்றவை. பழுது ஸ்விட்சின் இடப்புறத் தொடர்பிலோ அதற்கு அப்பாலோதான் இருத்தல் வேண்டும். முன் பல்பில் 21 வாட் இழை ஒன்றும் 5 வாட் இழை ஒன்றும் உள்ளன. இரண்டிற்கும் பல்பின் உலோக உறையே பொதுவான எர்த். புது வண்ணப்பூச்சு விளக்கின் அடித்தட்டிற்கும் சட்டத்திற்கும் இடையே மின்கடத்தாப் படலமாக நின்றால், எர்த் அறுகிறது. அப்போது மின்னோட்டம் பெரிய இழை வழியே உறைக்கு வந்து, சிறிய இழை வழியே நிறுத்த விளக்குக் கம்பியில் புகுந்து, மற்ற நிறுத்த விளக்குகளின் வழியாக எர்த்தை அடைகிறது. சிறிய இழை ஒளிர்வதன் காரணம் இதுவே.

சோதனை செய்யும் வரிசை

1. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்துக. பாட்டரியின் மின்னழுத்தத்தையும் பியூஸையும் பார்க்க.

2. பிளாஷரைக் கழற்றி, மின்சாரம் வரும் முனையையும் விளக்கிற்குச் செல்லும் முனையையும் ஒரு கம்பியால் இணைக்க. பியூஸ் தன் இடத்திலேயே இருத்தல் வேண்டும். இரு பக்கமும் எல்லா விளக்குகளும் நிலையாக, முழு ஒளியுடன் எரிந்தால் பழுது பிளாஷரில், எரியாவிடின் வேறிடத்தில்.

3. இந்நிலையிலேயே பழுதுள்ள பல்பிற்கு வரும் கம்பியில் வோல்ட் மீட்டரை வைக்க. பாட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய அங்குக் கிடைத்தால் ஸ்விட்சும் கம்பியும் நலமாக உள்ளன.

4. பின்னர் மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் உறையிலும், மறு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வைக்க. ஏறக்குறைய சுழி காட்டினால் எர்த் நன்று. மேற்கூறிய லாரியில் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டும், பழுது வெளிப்பட்டுவிட்டது.

மின்னோட்டம் ஓடும்போதே அளத்தல் இன்றியமையாதது. ஓர் இழை மட்டும் ஒட்டிநிற்கும் கம்பியும் ஓம் மீட்டரில் குற்றமற்றதாகத் தோன்றக்கூடும்.

செப்பனிடுதல்

பாட்டரியின் இணைப்பை நீக்கிய பின், விளக்கின் அடியிலும் போல்ட் அமரும் இடத்திலும் வண்ணத்தைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் இட்டு முடுக்குக. துரு ஏறாதிருக்கச் சிறிது கிரீஸ் தடவுக. உறையிலிருந்து சட்டத்திற்குத் தனிக் கம்பி ஒன்று இணைப்பது இன்னும் உறுதியானது. பியூஸ் அடிக்கடி எரிந்தால் அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியோ உலோகத் தாளோ வைத்தல் கூடாது. பழைய கம்பி சூடேறித் தீப்பற்றும்.

வகுப்பறைக்கு

12 வோல்ட் பாட்டரி, இரட்டை இழைப் பல்பு ஒன்று, 5 வாட் பல்பு ஒன்று ஆகியவற்றைக் கொண்டு ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். 5 வாட் பல்பை இரட்டைப் பல்பின் சிறிய இழைக்கும் எர்த்திற்கும் இடையே இணைத்து, பெரிய இழைக்கு மின்சாரம் தருக. பின், இரட்டைப் பல்பின் உறையை எர்த்திலிருந்து நீக்குக. பெரிய இழை அணைந்து, அதுவரை எரியாதிருந்த சிறிய இழையும் 5 வாட் பல்பும் மங்கலாக ஒளிரும். மின்னோட்டம் சென்ற வழியை மாணவர்களே வரைந்து காட்டுமாறு செய்தல் நலம்.