பத்துச் சொல் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

"தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்தால் ஆண்டுக்கு 3,650 சொல் கைவசம்." பெற்றோர் கூட்டம் தவறாமல் இந்தக் கணக்கைக் கேட்கிறேன். டியூஷன் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பட்டியலாகவும் வருகிறது. தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கணக்கு பொய். பிள்ளைகளின் நேரத்தோடு ஆர்வத்தையும் சேர்த்துத் தின்கிற பொய்.

நம்பிக்கை 1: பட்டியலை உருப்போட்டால் சொல்வளம் பெருகும்.

உண்மை: பெருகாது. 'பிடி என்றால் பற்று' என்று சொல்லிவிட்டுப் பட்டியல் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். சளி பிடிக்கிறது, இரும்பில் துருப் பிடிக்கிறது, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கிறோம், மாம்பழம் பிடிக்கிறது. இவற்றில் எங்கே 'பற்று' பொருந்துகிறது? 'பார் என்றால் நோக்கு' என்று உருப்போட்ட பிள்ளை, 'டாக்டரை நோக்கிவிட்டு வந்தோம்' என்றுதான் கட்டுரை எழுதும். அதற்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள். சொல்லை வாக்கியத்திலிருந்து பிய்த்துக் கொடுத்தது யார்?

இதைப் படியுங்கள்: 'தூண்டில்காரர் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அமிழ்ந்ததும் சட்டென்று இழுத்தார்.' அமிழ்தல் தெரியாத பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அமிழ்ந்தது எது? தக்கை. அது வழக்கமாக எங்கே கிடக்கும்? நீரின் மேல். அமிழ்ந்ததும் அவர் ஏன் இழுத்தார்? மீன் மாட்டியிருக்கும். பொருளைப் பிள்ளையே சொல்லிவிடும். அந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதும் கூடவே மனத்தில் பதியும். பட்டியலால் இதைத் தரவே முடியாது.

1985இல் நேகி, ஹெர்மன், ஆண்டர்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு முறை படித்ததிலேயே, தெரியாத சொற்களைப் பற்றிய அறிவு சிறிதளவு கூடியிருந்தது. சிறிதளவுதான். ஆனால் ஓயாமல் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சிறிதளவு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

"அந்தக் காலத்தில் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா?" என்று மடக்குவார்கள். செய்தார்கள். அந்தச் சொற்கள் வருகிற செய்யுள்களையும் பாடம் கேட்டார்கள். நீங்கள் செய்யுளைக் கைவிட்டுவிட்டு உருப்போடுவதை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

நம்பிக்கை 2: சூழலை வைத்தே ஊகிக்கலாம், அகராதி தேவையில்லை.

உண்மை: 'ஆசிரியர் அவளை மெச்சினார்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பாராட்டினாரா, கண்டித்தாரா என்று எப்படிச் சொல்வது? முதலில் ஊகம், பிறகு அகராதி. 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தருகிறது. வகுப்புக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

நம்பிக்கை 3: வலுவான வினை என்றால் கடினமான சொல்.

உண்மை: இல்லை, துல்லியமான சொல். 'வேகமாக நடந்தான்' என்பதைவிட 'விரைந்தான்' மேல்; 'காதோடு ரகசியமாகப் பேசினாள்' என்பதைவிட 'கிசுகிசுத்தாள்' மேல். கூடை முடைவது, பானை வனைவது, துணி நெய்வது என்று வினைமரபு பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியோடு முடித்துவிடுகிறோம். கட்டுரையில் எல்லாவற்றுக்கும் 'செய்தார்' போதும் என்று விட்டுவிடுகிறோம்.

நம்பிக்கை 4: வீட்டுப் பேச்சுக்கும் சொல்வளத்துக்கும் தொடர்பில்லை.

உண்மை: சமையலறையில் மட்டும் வறு, வதக்கு, தாளி, பொரி, அவி, கிண்டு, கடை, மசி, துருவு என்று எத்தனை வினைகள்! அத்தனையையும் 'குக் பண்ணு', 'ஃப்ரை பண்ணு' என்று சுருக்கிவிட்டுப் பள்ளியிடம் சொல்வளம் கேட்பது என்ன நியாயம்? செய்கிற வேலையைப் பெயர் சொல்லிச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அதுவே பாடம்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்குக்கோ அறிவியலுக்கோ முதலில் பறிபோவது அதுதான். தெரியாத சொல்லைப் பிள்ளை கதைக்குள் சந்திக்கிற நேரத்தைப் பறித்துக்கொண்டு, "கட்டுரை எழுத வார்த்தை வரவில்லை" என்று புலம்பக் கூடாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பத்துச் சொல் பட்டியலைக் கேட்காதீர்கள். இந்த வாரம் நூலகப் பாடவேளை நடந்ததா, என் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்தது என்று கேளுங்கள்.