ஜெயிக்கும்போது திரும்பி வருபவர்கள்

கேள்வி: சென்னையின் எஃப்சி தொடங்கிய 2014லிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டிருப்பவன் நான். எங்கள் தெருவிலிருந்து ஒரு நண்பர் பட்டாளமே சேர்ந்து போவோம். அணி சரிந்தால் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மறுபடி நன்றாக ஆட ஆரம்பித்தால் நீலச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். போன வாரம்வரை கோச்சைத் திட்டியவர்களே “நம்ம டீம் மாதிரி வருமா” என்று கத்தும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. என் மச்சானோ நேர்மாறு. “நாலு மேட்ச் ஜெயிச்சதை நம்பாதே, எல்லாம் லக்கு, அப்புறம் நொந்துபோவே” என்கிறார். அணி உண்மையிலேயே தேறியிருக்கிறதா என்று எங்களைப் போன்ற சாதாரண ரசிகர்கள் எப்படிக் கண்டுகொள்வது? திரும்பி வருகிறவர்களை எப்படி எடுத்துக்கொள்வது? ஜெயிக்கிற நேரத்தில் நிர்வாகத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் “இப்போ எதுக்கு இது” என்று வாயை அடைக்கிறார்களே, அது சரியா?

– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் அணியின் 2019-20 பருவத்தை வைத்தே பேசுவோம். நீங்கள் கேட்டிருப்பவை எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து மாதங்களில் விடை இருக்கிறது.

அதற்கு முந்தைய பருவத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் இறுதியாட்டத்தில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்று கோப்பை தூக்கிய அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது. 2019-20ம் அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 90 நிமிடம் தாண்டியும் ஸ்கோர் பூஜ்யம்தான். இஞ்சுரி டைமில் மூன்று கோல்கள் விழுந்தன, அவற்றில் இரண்டு நம்முடையவை. அன்று ஸ்டேடியத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள், அணி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

திரும்பவில்லை. அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் 2-2. ஆறு ஆட்டங்களுக்கு 5 புள்ளிகள், நான்கு கோல்கள். கோச் ஜான் கிரெகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கோயல் வந்தார்.

இனி வருவதுதான் உங்கள் மச்சானுக்கு நான் சொல்ல விரும்புவது. கோயலின் முதல் நான்கு ஆட்டங்களின் முடிவை மட்டும் பார்த்தால் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஜாம்ஷெட்பூருடன் 1-1, கேரளாவை 3-1 என்று வென்றார்கள், கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2. நான்கு ஆட்டங்களுக்கு நான்கே புள்ளிகள். ஜனவரி முதல் வாரத்தில் அந்த ஒடிசா தோல்வி முடிந்ததும், இந்த வருஷமும் போச்சு என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் அணி ஏழு கோல் அடித்திருந்தது. அதற்கு முன் ஆறு ஆட்டங்களில் அடித்ததைவிட இது மூன்று அதிகம். நடுக்கள ஆட்டக்காரர் கிரிவெல்லாரோவுக்கு நடுவில் சுதந்திரமாகத் திரிய இடம் கிடைத்திருந்தது. விங்கர் சாங்டே எதிரணி டிஃபென்சின் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தார். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் பெனால்டி பெட்டிக்குள் பந்துக்காகக் காத்து நிற்கவில்லை, பந்து அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. கோவாவிடம் 3-4 என்று தோற்றது வலித்தது உண்மை. ஆனாலும் அந்த அணியிடம் மூன்று கோல் அடித்தது, நவம்பரில் நாம் பார்த்த அணி அல்ல.

அடுத்த எட்டு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆறு வெற்றி, இரண்டு டிரா. கொச்சியில் போய் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். 29 புள்ளிகளோடு நான்காம் இடம், அரையிறுதி.

ஆட்டம் முதலில் மாறுகிறது, முடிவுகள் கொஞ்சம் தாமதமாக வந்து சேருகின்றன. ரசிகர்களின் மனநிலை முடிவுகளுக்கும் பின்னால் வருகிறது. உண்மையான முன்னேற்றத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டுமானால் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு மைதானத்தைப் பார்க்க வேண்டும். கால்பந்தில் கோல்கள் குறைவு. ஒரு டிஃப்ளெக்‌ஷன், ஒரு ரெஃப்ரி முடிவு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, இவையே ஒரு மாதத்துப் புள்ளிகளைப் புரட்டிப்போடும். அதனால்தான் இன்று கிளப்புகள் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் என்ற கணக்கை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும் முறை அது. பெனால்டிக்கு ஏறக்குறைய முக்கால் கோல் மதிப்பு. நாற்பது கெஜத்திலிருந்து அடிக்கும் ஷாட் ஸ்டேடியத்தையே எழுப்பி நிறுத்தும், ஆனால் கணக்கில் ஒன்றுமே தேறாது.

அந்த எண்கள் உங்களுக்குத் தேவையில்லை. கேலரியில் உட்கார்ந்தே பலவற்றைக் கவனிக்கலாம். ஷாட்டுகள் பெட்டிக்குள்ளிருந்து வருகின்றனவா, வெளியிலிருந்தா? பந்தை இழந்தவுடன் எத்தனை பேர் அதைத் துரத்துகிறார்கள்? நான் எல்லாவற்றையும்விட அதிகம் நம்புவது, கோல் வாங்கிய பிறகு வரும் பத்து நிமிடங்களை. தேறாத அணி அந்த நேரத்தில் பந்தை மேலே தூக்கியடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை விரிக்கும். தேறிய அணி, கோல் வாங்குவதற்கு முன் எப்படி ஆடிக்கொண்டிருந்ததோ அப்படியே தொடரும்.

உங்கள் மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். கோச்சை மாற்றிய அணிகள் மீண்டன. அதே அளவு சரிந்திருந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதேபோல் மீண்டன. படுமோசமான கட்டத்தில்தான் கோச்சை அனுப்புகிறார்கள், அதற்குப் பிறகு கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும். ஆகவே, புதுக் கோச் வந்து இரண்டு வெற்றி கிடைத்தவுடன் மாற்றம் வந்துவிட்டது என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். ஆனால், இதிலிருந்து மகிழ்ச்சியைத் தள்ளிப்போடு என்ற முடிவுக்கு அவர் போகிறாரே, அதை நான் ஏற்கமாட்டேன்.

காரணமும் அந்த 2019-20 பருவத்திலேயே இருக்கிறது. பிப்ரவரி 29 அன்று அரையிறுதியின் முதல் சுற்றில் சொந்த மண்ணில் கோவாவை 4-1 என்று வென்றார்கள். கோவாவில் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனார்கள். மார்ச் 14 அன்று இறுதியாட்டம் கொரோனா காரணமாகப் பார்வையாளர்களே இல்லாமல் கோவாவின் ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் நடந்தது. கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று வென்றது. அடுத்த பருவத்துக்குள் கோயலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். பிறகு எல்லா ஆட்டங்களும் கோவாவில், பூட்டிய மைதானங்களில். சென்னையின் எஃப்சி அந்தப் பருவத்தை எட்டாம் இடத்தில் முடித்தது. 2020 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ‘இது நிலைக்குமா பார்ப்போம்’ என்று வீட்டிலிருந்தவருக்கு, அந்த அணியை நேரில் பார்க்கும் வாய்ப்பு மறுபடி வரவேயில்லை. அன்று கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவரிடமிருந்து அடுத்த வருடத்து எட்டாம் இடம் எதையும் பறித்துவிடவில்லை. நிலைக்கும் என்ற உத்தரவாதம் கிடைத்த பிறகுதான் கொண்டாடுவேன் என்பவர் கால்பந்தில் ஒருபோதும் கொண்டாட முடியாது.

2015ஐயும் நினைத்துப் பாருங்கள். கடைசி இடத்தில் கிடந்த அணி தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்று அரையிறுதிக்கு வந்தபோது நகரமே வெள்ளத்தில் இருந்தது. சொந்த மண்ணில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போயிற்று. இறுதியில் 90வது நிமிடம்வரை கோவாவிடம் 1-2 என்று பின்தங்கியிருந்து, 3-2 என்று வென்றார்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்த மாதத்தில் அந்த வெற்றி இங்கே பலருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

இனி உங்கள் நண்பர்கள் விஷயம். அவர்கள் செய்வது உலகம் முழுக்க நடப்பதுதான், ஆய்வே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவரது குழுவும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைகளில் மாணவர்களின் உடையைக் கவனித்தார்கள். அந்த வாரக் கடைசியில் தங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றிருந்தால், கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. பின்னர் டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம்ப் ஆகியோரின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அணியோடு ஆழமாகப் பிணைந்தவர்கள் தோற்றாலும் விலகுவதில்லை, மேலோட்டமாகப் பிணைந்தவர்களே விலகுகிறார்கள். நீங்கள் முதல் வகை, உங்கள் நண்பர்கள் இரண்டாம் வகை. அவ்வளவுதான், அதில் துரோகம் எதுவும் இல்லை.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. காலியான கேலரியில், மழைத் தூறலில், 0-3 என்று பின்தங்கிய அணிக்காகக் கடைசி விசில்வரை நின்றது நீங்கள்தான். அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதையை நண்பர்களைக் குத்திக்காட்டி வாங்கமுடியாது. ‘ஃபேக் ஃபேன்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அடுத்த சரிவில் அவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போவார்கள். சென்னையில் கால்பந்து ரசிகர் கூட்டம் கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற ரசிகர் குழுக்கள் டிரம் அடித்துப் பாட்டுக் கட்டி அந்தச் சின்னக் கூட்டத்தின் குரலைப் பெரிதாக்கி வைத்திருக்கின்றன. ஆனாலும் நாற்காலிகள் நிரம்புவது திரும்பி வருகிறவர்களால்தான். இன்று ஆழமாக இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் மேலோட்டமாக வந்தவர்களே. வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. சரிந்த காலத்தில் ஆட்டக்காரரின் தாயையும் மனைவியையும் இழுத்துத் திட்டியவர், அதே ஆட்டக்காரர் கோல் அடித்ததும் கெத்து என்று கொண்டாடினால், முன்பு சொன்னது தப்பு என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், குடும்பத்தை இழுக்கக் கூடாது. வியாசர்பாடித் தெருக்களில் ஆடி வளர்ந்த தன்பால் கணேஷ் போன்ற ஆட்டக்காரர்கள் நம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலும் அந்தத் திட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னேற்றம் ரசிகர்களை மகிழ்விப்பது கொஞ்ச நாள்தான். பிறகு அதுவே குறைந்தபட்ச அளவாகிவிடும். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015 ஏப்ரலில் கடைசி இடத்தில் கிடந்து, பிறகு மீண்டு, கீழ் லீகுக்கு இறங்காமல் தப்பித்தது, அதற்கே ஊர் ஆனந்தக் கூத்தாடியது. அடுத்த வருடம் கிளாடியோ ரனியேரியின் கீழ் பிரீமியர் லீகையே வென்றது. கோப்பை வாங்கி ஒன்பது மாதங்களில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது அணி இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன் எதிலிருந்து தப்பித்ததற்காகக் கொண்டாடினார்களோ அதே கீழ்ப்பகுதியில்தான்.

கடைசியாக நிர்வாகம். உங்கள் வாயை அடைக்கிறவர்கள் தவறு செய்கிறார்கள். தோற்கும்போது எழும் கேள்விகள் கோபமாகவே காதில் விழும். நிர்வாகமும் கோச்சை மாற்றிவிட்டு அதைக் கடந்துவிடும். ஜெயிக்கும்போது கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். 2020 பிப்ரவரியில் எல்லோரும் 6-3 பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கோயலின் ஒப்பந்தம் என்ன ஆகிறது, வால்ஸ்கிஸ் இருப்பாரா என்று ரசிகர் கூட்டம் ஒரே குரலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோயலே 2022இல் ஜாம்ஷெட்பூருக்கு, லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான லீக் ஷீல்டை வாங்கித் தந்தபோது நாம் டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அடுத்த முறை அணி எழும்போது, நாலாவது வெற்றி வந்த வாரத்திலேயே உங்கள் ரசிகர் குழு கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எந்தெந்த ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது, தமிழ்நாட்டுப் பையன்களுக்கு எத்தனை நிமிடங்கள் கிடைக்கின்றன, இரண்டையும் கேளுங்கள். திரும்பி வந்த நண்பர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.