மின்னஞ்சல் மென்பொருள் நின்றுபோனால்: சரிசெய்வதா, மீண்டும் நிறுவுவதா, பிரவுசருக்கு மாறுவதா?

அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ திடீரென்று அஞ்சலை அனுப்பவும் பெறவும் மறுத்தால் மூன்று வழிகள் உண்டு: அமைப்புகளைச் சரிசெய்யலாம், மென்பொருளையோ கணக்கையோ நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்கலாம், பிரவுசருக்கே மாறிவிடலாம். அவசரத்தில் கை முதலில் போவது இரண்டாவது வழிக்குத்தான். அது கடைசியாக வர வேண்டியது. கோளாறு பல நேரங்களில் மென்பொருளுக்குள் இருப்பதில்லை, அது சர்வரோடு பேசும் முறையில் இருக்கிறது. வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து உள்நுழையும் பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் விலக்கியது, அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசாஃப்ட் விலக்கியது. அதுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே போக முடியாமல் நின்றது. தண்டர்பேர்டை நீக்கினாலும் அதன் ப்ரொஃபைல் கோப்புறை கணினியிலேயே தங்கிவிடும். மீண்டும் நிறுவினால் அதே பழைய அமைப்புதான் திரும்பி வரும். கணக்கு அமைப்பில் உள்நுழைவு முறையை ஓஆத்2 (OAuth2) என்ற புதிய முறைக்கு மாற்றுவதே தீர்வு. அந்த வசதி இல்லாத பழைய மென்பொருளில் ஜிமெயிலைப் பயன்படுத்துவோர், இருபடிச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் பெறலாம்.

எது கோளாறு என்று அறிய, அதே கணக்கை முதலில் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கும் அஞ்சல் வரவில்லை என்றால் மென்பொருளைத் தொட வேண்டாம். டிரைவ், போட்டோஸ் ஆகியவற்றோடு ஜிமெயில் பங்கிடும் இலவச 15 ஜிபி நிரம்பியிருந்தாலே அஞ்சல் நின்றுவிடும். பிரவுசரில் சரியாக இருந்தால், எந்தத் திசை அடைபட்டது என்று கவனியுங்கள். பெறுவது ஐமேப் 993 அல்லது பாப் 995 போர்ட் வழியாக. அனுப்புவது எஸ்எம்டிபி 465 அல்லது 587 வழியாக. பெற முடிகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்றால் எஸ்எம்டிபி அமைப்பைப் பாருங்கள். பல இணைய நிறுவனங்கள் தடுத்துவைத்திருக்கும் 25ஆம் போர்ட் அங்கே இருக்கலாம். ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை மீறிய கோப்போடு ஒரு மடல் அவுட்பாக்ஸில் சிக்கியிருக்கவும் கூடும். பெறுவது, அனுப்புவது இரண்டுமே நின்றிருந்தால் உள்நுழைவு முறை, ஆஃப்லைன் நிலை, அஞ்சலை இடைமறித்துச் சோதிக்கும் ஆன்டிவைரஸ், தவறான கணினித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது.

கணக்கை நீக்கிச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலைதானே என்று கேட்கலாம். ஐமேப் கணக்கில் அது பெருமளவு உண்மை. மூல அஞ்சல்கள் சர்வரில் இருப்பதால் மறுபடி இறங்கிவிடும். பாப் கணக்கில் அப்படியல்ல. இறக்கிய அஞ்சலைச் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைத்திருந்தால், உங்கள் கணினியில் இருப்பதே ஒரே பிரதி. ஆகவே எதையும் நீக்குமுன் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் கோப்புறையையோ அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையோ வேறு இடத்தில் படியெடுத்து வையுங்கள். பிரவுசரே போதுமே என்ற வாதத்திலும் நியாயம் உண்டு: ஒரே ஐமேப் கணக்கு, கணினியில் தனியே சேமித்த அஞ்சல் எதுவும் இல்லை என்றால் தாராளமாக மாறலாம். பல கணக்குகளை ஒரே இடத்தில் பார்ப்பவருக்கும், பல ஆண்டு மடல்களைக் கணினியில் வைத்திருப்பவருக்கும் அது அன்றைய அவசரத்துக்கு மட்டுமே உதவும். பிரவுசரிலும் அதே கணினியிலுள்ள இன்னொரு மென்பொருளிலும் சரியாக இயங்கும் கணக்கு இந்த மென்பொருளில் மட்டும் முடங்கினால்தான், மீண்டும் நிறுவுவதற்கோ புதிய ப்ரொஃபைல் தொடங்குவதற்கோ காரணம் கிடைக்கிறது.